குதிரைக்கு ஆடி உண்டா?

எங்கள் மளிகைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். தினமும் கிழிக்கிற காலண்டர் என் வீட்டுக்காரருடையது. ராகு காலம், எமகண்டம், அட்டமி, நவமி எல்லாம் பார்க்காமல் அவர் ஒரு பருப்பு மூட்டையைக்கூட அவிழ்க்க மாட்டார். பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் என்னுடையது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பால்காரர் வராத நாள், மாதாமாதம் எனக்கு வயிறு வலிக்கிற நாள் என்று எல்லாவற்றுக்கும் அதில் புள்ளி உண்டு. இருபது வருடத்தில் என் புள்ளிகளில் ஒன்றைக்கூட என்னவென்று கேட்காத மனிதர், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதக் காலையில் பென்சிலோடு வந்து நின்றார்.

“ஏளா, உன் காலண்டர்ல குதிரைக்கு ஒரு வட்டம் போட்டு வையி. பருவத்துக்கு வந்திருக்கா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வட்டம் போட்டேன்.

அந்தக் குதிரை வந்ததே ஒரு கூத்து. எட்டயபுரம் பக்கம் மிளகாய் வத்தல் வாங்கப் போனவர், வத்தல் இல்லாமல் ஒரு வெள்ளைக் குதிரையோடு மில்லர்புரத்துக்குத் திரும்பினார். வண்டிப் பந்தயத்தில் ஓடின பெண் குதிரை. வயது பன்னிரண்டு. முன்னங்காலில் வீக்கம் கண்டு இனி ஓடாது என்று ஆனதும் விற்றுவிட்டார்கள். அவள் வயிற்றில் ஒரு குட்டி பிறந்தால் அது காற்றாய்ப் பறக்கும் என்பது இவர் கணக்கு. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வைக்கக் குனிந்தபோது, என் தலையில் இருந்த பிச்சிப்பூவை அவள் மெதுவாக இழுத்துத் தின்றுவிட்டு ஒன்றும் அறியாதவள்போல நின்றாள். அன்றைக்கே நான் அவள் கட்சி.

சிக்கல் என்னவென்றால், அவள்மேல் வேறொருவருக்கும் கண் இருந்தது. கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் வண்டி விடுகிறவர் ஒருவர், வெள்ளைக் குதிரை வேண்டுமென்று நடையாய் நடந்தார். தன் வண்டிக்குக் குதிரை நடந்தால் போதும், ஓட வேண்டியதில்லை என்றார். என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டு வாக்குக் கொடுத்தார். “ஆவணி முகூர்த்தம் பிறக்கதுக்குள்ள சினை பிடிக்கலன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி.” தீபாவளி வேட்டுக்கே அவள் உடம்பெல்லாம் நடுங்கி, நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றால்தான் அடங்குவாள். அவளைக் கொண்டுபோய் சரவெடிக்கும் பேண்டுக்கும் நடுவில் நிறுத்துவதா? அவளை விட எனக்கு மனசே இல்லை. ஆனால் அதைச் சொன்னால், வந்த புதிதில் நான் போட்ட சண்டையை எடுத்து வைப்பார். வாயை மூடிக்கொண்டேன்.

சேர்ப்பதற்கு ஆண் குதிரை இருந்தது வேம்பாரில் ஒருவரிடம். சித்திரையில் அவள் வாலை ஒதுக்கி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் பெய்து, ரோட்டில் போகிற மாட்டு வண்டியைப் பார்த்தாலும் கனைத்தாள். இதைவிட ஒரு குதிரை என்ன சொல்ல முடியும்? இவரோ கிழிக்கும் காலண்டரைப் பார்த்தார். முதல் நாள் செவ்வாய். பிறகு அட்டமி. பிறகு நவமி. அடுத்த நாள் கரிநாள். எல்லாம் கழிந்து, நல்ல நேரம் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குள் அவளுக்குப் பருவம் முடிந்திருந்தது. வேம்பார்க் குதிரை ஆசையாய்ப் பக்கத்தில் வந்ததும் அவள் விட்ட உதையில், நடுவில் நின்ற என் வீட்டுக்காரர் வேலி ஓரம் போய் விழுந்தாராம். இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வைகாசியில் பரவாயில்லை, நேரத்துக்குப் போனார்கள். ஆனால் சினை பிடிக்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்தார். சின்னப் பெண்தான், ஆனால் கறார். கர்ப்பப்பையில் கொஞ்சம் சீழ் இருக்கிறது என்று கழுவி மருந்து விட்டார். ஆனி முடியும்வரை சேர்க்கக் கூடாது என்றார். பிறகு என் காலண்டரைப் பார்த்தார்.

“யாரு அக்கா இதைக் குறிக்கிறது? நீங்களா? அப்ப உங்ககிட்டயே சொல்றேன். இருபத்தோரு நாளைக்கு ஒருக்கா பருவம் வரும். ஆறு நாள்போல இருக்கும். கடைசி ரெண்டு நாள்லதான் முட்டை வெளிய வரும். அதனால மூணாம் நாள்ல இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கணும். அட்டமி நவமியெல்லாம் அதுக்குத் தெரியாது.”

வீட்டுக்காரர் தன் கிழிக்கிற காலண்டரை ஆணியில் நேராக்கினார்.

அன்றிலிருந்து நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சாணி, தீவனம், வாலுக்கடியில் கசிவு, காதின் திருப்பம் எல்லாவற்றையும் குறித்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் அடுத்த பருவம் ஆடி ஐந்தாம் தேதி. அதற்கு அடுத்தது ஆடி இருபத்தாறு; அதில் சேர்த்தால், சினையா என்று தெரிவதற்குள் ஆவணி முதல் முகூர்த்தம் தாண்டிவிடும். ஆக, மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். சொன்னபடி ஆடி ஐந்தாம் தேதி அவள் வாலை ஒதுக்கினாள். நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன்.

“ஆடியிலயா?” என்றார் இவர், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி. “புதுசாக் கல்யாணம் ஆனதுகளையே பிரிச்சி வைக்க மாசம். ஆடியில உண்டானா சித்திரை வெயில்ல பெறக்கும். குட்டி தாங்குமா? வேணும்னா பதினெட்டாம் பெருக்கு அன்னைக்குப் போவோம்.”

“பதினெட்டாந் தேதி வரைக்கும் அவ வாலைத் தூக்கிட்டு நிப்பாளா?”

“அதுக்கு நான் என்ன செய்ய? எங்க அம்மையே நம்மளை ஆடியில பிரிச்சித்தான வச்சா?”

“நான் குதிரையா?” என்று கத்தினேன். கடையில் சீனி வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் விடவில்லை. “மனுஷிக்குப் பத்து மாசம். அதான் சித்திரை. இவ நம்மளைவிட ரெண்டு மாசம் கூடச் சுமக்கா. சித்திரைக்கு மேல ரெண்டு எண்ணுங்க. வைகாசி, ஆனி. ஆனியில குளுகுளுன்னு மேல்காத்து அடிக்கும். குட்டிக்கு என்ன கேடு?”

அவர் விரலை மடக்கி எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு, வேம்பார்க்காரர் ஆடியில் சம்மதிக்க மாட்டார் என்று கடைசி அஸ்திரத்தை விட்டார். நானே போனை வாங்கிக் கேட்டேன். வேம்பார்க்காரர் கடற்கரைக் கத்தோலிக்கர்.

“எங்களுக்கு ஏது தங்கச்சி ஆடியும் அட்டமியும்?” என்று சிரித்தார். “தவக்காலத்துலதான் கல்யாணம் வைக்க மாட்டோம். அது முடிஞ்சி மூணு மாசமாச்சி. கொண்டாங்க.”

ஏழாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் போனோம். இரண்டு நாளும் நானும் கூடவே போனேன், வழியில் எவராவது நல்ல நேரம் பார்த்துவிடக் கூடாதே என்று. பதினாறு நாள் கழித்து டாக்டரம்மா ஸ்கேன் பெட்டியோடு வந்தார். திரையில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. “சினைதான்க்கா,” என்றார். நான் ஓடிப்போய் என் காலண்டரில் அந்த நாளுக்குப் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன்.

ஆனால் என் வீட்டுக்காரர் சாரட்காரரிடம் என்ன சொன்னார் தெரியுமா? “குட்டி பிறக்கட்டும், அப்புறம் பார்ப்போம்.” அந்த ‘அப்புறம்’ என்னைப் பதினொரு மாதம் அரித்தது. அவள் வயிறு இறங்க இறங்க எனக்கு ஆசையும் பயமும் சேர்ந்தே வளர்ந்தன. காம்பு நுனியில் பால் மெழுகுபோலத் திரண்ட அன்று, இனி ஓரிரு நாள்தான் என்று நான் சந்தோஷப்பட்டேன், அழவும் செய்தேன்.

ஆனி பாதியில், கடை திறக்கும் நேரத்தில் குட்டி பிறந்தது. செம்பட்டை நிறப் பெண் குட்டி. நாலு காலும் நாலு திக்கில் போக, விழுந்து எழுந்து, முக்கால் மணி நேரத்தில் நின்றது. நஞ்சுக்கொடி முழுசாக விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நான் காப்பி குடித்தேன். என் வீட்டுக்காரர் அன்று கடையையே திறக்கவில்லை. வைக்கோலில் உட்கார்ந்து, குட்டி பால் குடிப்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் சாரட்காரர் வந்தார், கையில் புதுக் கயிற்றோடு. “குட்டி உங்களுக்கு, தாய் எங்களுக்கு. ரெண்டு மாசம் பால் குடிக்கட்டும், வாரேன்,” என்றார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து, வைக்கோலை வேட்டியில் இருந்து தட்டினார். நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை.

“பிள்ளை பெத்துக் கிடக்கவளை எவனாவது வீட்டை விட்டு அனுப்புவானா வே?” என்றார். “காப்பி குடிச்சிட்டுப் போம்.”