அறுக்காத கயிறு

கடற்கரைச் சாலையில் கயிறும் தூண்டிலும் விற்கிற கடை என்னுடையது. மதியத்தில் வியாபாரம் இருக்காது. கையில் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். படித்துப் படித்து நானே பாதித் துப்பறிவாளன் என்ற நினைப்பு வந்துவிட்டது. தெருவில் செருப்பு காணாமல் போனால்கூட முதலில் மூக்கை நுழைப்பவன் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, கரையில் ஏற்றியிருந்த ஒரு பைபர் படகின் இன்ஜின் திருடுபோனது. போலீஸ் வந்தது, எழுதியது, போனது. இன்றுவரை துப்பு துலங்கவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. என் நாவல் துப்பறிவாளர் திருடன் எடுத்துப்போனதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். அவன் விட்டுப்போனதைத்தான் பார்ப்பார். நானும் பார்த்தேன். இன்ஜினைப் படகோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறு அங்கேயே கிடந்தது. அறுக்கவில்லை, அவிழ்த்திருந்தார்கள்.

கடையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் முடிவைச் சொன்னேன். "அவசரத்துல வார திருடன் அறுத்துட்டுல்லா போவான்? நின்னு அவுத்திருக்கான்னா, தெனமும் அதக் கட்டி அவுக்குற கைதான்."

அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் படகில் பதினைந்து வருடமாகக் கடலுக்குப் போகிற ஆள். அவரும் அங்கேதான் நின்றார். "அண்ணாச்சி, என்ன சொல்லுதிய?" என்று மட்டும் கேட்டார். நானோ பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன், மடையன்.

படகுக்காரர் மறுநாளே அவரை நிறுத்திவிட்டார். அதன்பிறகு எந்தப் படகிலும் அவரை ஏற்றவில்லை. உப்பளத்துக் கூலிக்குப் போனார்.

ஒரு வருடம் கழித்து, பழைய கயிறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு மீனவர் கடைக்கு வந்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. "அறுத்துத் தாரேன்" என்று கத்தியை எடுத்தேன். பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. உசிரக் காக்குற கயிறுல்லா. கடலுக்குப் போறவன் எவனும் அறுக்க மாட்டான்." தரையில் உட்கார்ந்து பல்லாலும் நகத்தாலும் அரை மணி நேரம் மல்லுக்கட்டி அதை அவிழ்த்தார்.

அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. நாள் முழுக்கக் கயிற்றை அறுத்து விற்கிறவன் நான். திருடனும் என்னைப் போலவே அறுப்பான் என்று நினைத்துவிட்டேன். அவிழ்த்த கயிறு காட்டியது கடலுக்குப் போகிற யாரோ ஒருவனை. இந்தக் கரையில் அப்படி எத்தனை பேர்!

மறுநாள் காலையிலேயே உப்பளத்துக்குப் போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவரிடம் வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய அண்ணாச்சி? அன்னைக்குக் கடையில நின்னவங்ககிட்ட சொல்லுங்க. நான் படகுல ஏறிக்கிடுதேன்."

"சொல்லுதேன்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பத்துப் பேரும் அநேகமாகத் தினமும் கடைக்கு வருகிறார்கள். இப்போதும் எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். சொன்னால் அந்த மதிப்பு போய்விடுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. இரண்டு வருடமாகிறது. இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.