பாப்பாயி பிஜப்பூர் போன காரணம்

ஓடிப்போனாள் என்கிற பேச்சை முதலில் நிறுத்த வேண்டும். அறுபது வயதுக்கு மேல், முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. நடந்துதான் போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள். மதம் மாறிவிட்டாள் என்பதும் பொய். அவள் போனதால்தான் தன் மாடு பால் குண்டாவை உதைத்தது என்று எதிர்வீட்டுப் பொன்னாத்தாள் சொல்கிறாளே, அந்த மாடு போன தை மாதமும் உதைத்தது. அன்றைக்குப் பாப்பாயி ஊரில்தான் இருந்தாள். அந்தத் தொழுவத்திலேயே நின்றாள். உதையில் பாதி அவளுக்குத்தான் விழுந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். குழாயடியில் பேசுவதை யாரும் எழுத வேண்டியதில்லை, அது தானாகப் பரவும். நடந்ததைத்தான் யாராவது எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

பாப்பாயி என் கொழுந்தன் மனைவி. அன்னூர் பக்கத்தில் எங்கள் ஊர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் எப்போது ஊரை விட்டுப் போனாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் வீட்டு மாட்டுக்கும் நான்தான் தண்ணீர் காட்டுவேன். கல்யாணத்துக்குப் போவாள். எழவுக்குப் போவாள். வேண்டுதல் இருந்தால் பழனிக்குப் போவாள். காரணம் இல்லாமல் அன்னூர்ச் சந்தைக்குக்கூட அவள் போனதில்லை.

போன வருஷம் அவள் மருமகள் லோகப்பிரியா ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தாள். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் உம்மல் குல்சும் என்று ஒரு டீச்சர், லோகப்பிரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வேன் பேசி, பழைய கட்டடங்களைப் பார்க்க ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறார். இரண்டு நாள் பயணம். மதுரையில் நாயக்கர் மகால், கீழக்கரையில் பழைய கல் பள்ளிவாசல். கிளம்புகிற அன்றைக்கு லோகப்பிரியாவுக்குக் காய்ச்சல். கட்டின காசு திரும்பாது. சீட்டு சும்மா போகக் கூடாது என்று மகன் கதிர்வேல் தன் அம்மாவைக் காந்திபுரத்துக்குக் கூட்டிப் போய் வேனில் உட்கார வைத்துவிட்டு வந்தான்.

மகாலில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாளாம். பாதிகூட எட்டவில்லை. "டீச்சர், இதுக்கு ஒட்டடை எப்பிடிங்க அடிப்பாங்க?" என்று கேட்டாளாம். டீச்சரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றாராம்.

கீழக்கரையில், டீச்சர் முன்பே ஜமாஅத்தில் கேட்டு, தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போனார். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வெளி மண்டபத்தில் நின்றார்கள். வரிசையாகக் கல் தூண், தூணில் பூ வேலை, அப்படியே நம் கோயில் மண்டபம் போல. பாப்பாயியின் கை தானாகக் குவிந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் டீச்சர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அய்யோ, என்னைய எதுக்குங்கம்மா கும்புடறீங்க?"

"இல்லீங்க டீச்சர், இங்க என்னன்னு வேண்டிக்கோணும்?"

"ஒண்ணும் வேண்டிக்க வேண்டாங்க. பாக்கத்தானே வந்தோம். பாருங்க."

"பாத்துப்போட்டு?"

"பாத்துப்போட்டு வண்டியேறலாம்."

பாப்பாயி அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். கடல் காற்று வந்ததாம். ஒரு இடத்துக்குப் போய், யாருக்காகவும் எதையும் கேட்காமல், பந்தி பரிமாறாமல், யாரையும் கட்டிக்கொண்டு அழாமல் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வந்ததும் என்னிடம் சொன்னாள்: "சும்மா உக்காந்திருந்தேங்க்கா. நல்லா இருந்துச்சு."

வெளியூர் போய் வந்தால் தெருவுக்குப் பிரசாதம் தருவது எங்கள் ஊர் முறை. மகாலில் திருநீறு கிடையாது. கீழக்கரையில் தொதல் விற்றார்களாம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டின கறுப்பு அல்வா. அதை வாங்கி வந்து வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். பொன்னாத்தாள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, கிழக்கே பார்த்து நின்று தின்றாள். தின்று முடித்த பிறகுதான் கேட்டாள்.

"எந்தச் சாமிதுங்க இது?"

"சாமி இல்லீங்க. பள்ளிவாசல் பாக்கப் போனமல்லோ, அந்த ஊருப் பலகாரம்."

பொன்னாத்தாள் போய் வாய் கொப்பளித்தாள். பிறகு திரும்பி வந்து, பேரனுக்கு என்று இன்னொரு துண்டு வாங்கிப் போனாள். பேரன் பெங்களூரில் இருக்கிறான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பேச்சு. பாப்பாயிக்கு வெளியே சொல்ல முடியாத வியாதி என்றார்கள். மகன் கடனுக்கு நேர்ந்துகொண்டாள் என்றார்கள். டீச்சர் அவளை மாற்றப் போகிறார் என்றார்கள். பார்க்கப் போனாள் என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

இந்த வருஷம் டீச்சர் போன் செய்தார். பிஜப்பூர். ஒரு சுல்தானின் கல்லறை மண்டபம், பெரிய மசூதி. மண்டபத்தின் மேலே நின்று ரகசியம் பேசினால் எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்குக் கேட்குமாம். "அதுக்கு அத்தனை தூரம் எதுக்குப் போகோணும், நம்ம தெரு பத்தாதா?" என்றேன். பாப்பாயி சிரித்தாள். பால் காசை எடுத்துப் பணம் கட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி காந்திபுரத்தில் பஸ். அவள் பணம் கட்டின பிறகுதான் ஊர்க்கூட்டம் போட்டு, மாரியம்மன் நோம்பிக்கு அதே செவ்வாய் ராத்திரி பூச்சாட்டு என்று, அதாவது அன்றைக்கே திருவிழா தொடங்குவதாக, முடிவு செய்தார்கள். பூச்சாட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டு மாவிளக்கைக் கோயிலில் வாங்க மாட்டார்கள். எழவு, பிரசவம், ஆஸ்பத்திரி என்றால் ஆத்தா பொறுத்துக்கொள்வாள். நைட் ஷிப்டையும் பொறுத்துக்கொள்கிறாள். பெருந்துறைக் கம்பெனிகளுக்குப் போகிற பையன்களுக்காக அதை நாலைந்து வருஷத்துக்கு முன்னால் சேர்த்தார்கள். சும்மா பார்க்கப் போவதை யாரும் சேர்க்கவில்லை.

கதிர்வேல் வழி கண்டுபிடித்தான். "அம்மா, கண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லிப்போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"எங்கண்ணுக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. சும்மா சொல்றதுதான்."

"சும்மா போகக் கூடாது, சும்மா சொல்லலாமா?"

நானும் அவன் பக்கம்தான் பேசினேன். ஆத்தாளுக்கு உண்மை தெரியும், ஊருக்குப் பொய் போதும், இரண்டு பக்கமும் திருப்தி என்றேன். பாப்பாயி கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரின்னு சொல்லிப்போட்டுப் போனா, அங்க போய் நின்னாலும் ஆஸ்பத்திரில நிக்கறாப்பலயேதான் இருக்குங்க்கா."

செவ்வாய் மதியம் நோம்பிக்குப் பொறுப்பான பொங்கியண்ணன் வந்து வாசலில் நின்றார். நல்ல மனிதர். அன்றைக்கும் நல்லதுக்குத்தான் வந்தார். பொன்னாத்தாள் உறைமோர் கேட்டு வந்திருந்தாள், கிண்ணம் கொண்டுவரவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் அவரவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, கெளம்பீட்டாப்பல இருக்குது?"

"ஆமாங்க."

"கண்ணு ஆஸ்பத்திரிக்குத்தானுங்க? கதிரு சொன்னான். தாராளமாப் போய்ட்டு வாங்க."

தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். கதிர்வேல் அவளுக்கும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க," என்றாள் பாப்பாயி. "கண்ணு நல்லாத் தெரியுதுங்க. அதனாலதான் போறேன். பிஜப்பூர்ல மண்டபமும் பள்ளிவாசலும் இருக்குதாமுங்க."

"வேண்டுதலுங்களா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கோசரம்?"

"பாத்துப்போட்டு வரத்தானுங்க."

பொங்கியண்ணன் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். "மாவெளக்கு வாங்க முடியாதுங்களே, அம்மணி."

"சரிங்க. மாவு இடிக்க வேண்டாம்னு மருமகட்டச் சொல்லிப்போடறேன்."

சொன்னபடியே உள்ளே திரும்பி லோகப்பிரியாவிடம் சொன்னாள். செருப்பைப் போட்டாள். பையை எடுத்தாள். என்னைப் பார்த்து, "வாரேங்க்கா" என்றாள். பொங்கியண்ணன் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார். பாப்பாயி வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். யார் தெருவில் இறங்கினாலும் எங்கே போகிறாய் என்று கேட்காமல் விடாத ஊர் இது. அன்றைக்கு ஒரு வாசலிலிருந்தும் யாரும் கேட்கவில்லை.