சுணையுள்ள முகம்

மூங்கில் வெட்டியவர்களுக்குச் சுணை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தோலில் ஏறிய அந்த நுண்ணிய முள், தேய்த்தால் ஆழமாகப் போகும். விட்டுவிட்டால் தானாக உதிரும். மானவுணர்வுக்கும் எங்கள் பக்கத்தில் அதே சொல்தான். கல்லூரியில் தாவரவியல் கற்று, மாத்தளையில் அதையே கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, ‘ஸ்பிக்யூல்’ கிரீமை விளக்க அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. கடற்பஞ்சிலிருந்து எடுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் அதில் கலந்திருக்கின்றன. அவை மேல்தோலைக் குத்திப் பழையதை உதிரச் செய்யும் என்கிறார்கள்.

அந்தக் கிரீம் வேண்டுமென்று கேட்டவள் என் தங்கை. அவளுடைய மகளுக்கு வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோவிலில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இளமையில் வந்த பருக்கள் தங்கையின் கன்னங்களில் குழிகளை விட்டுச் சென்றிருந்தன.

“கோயில் வாசல்ல நிக்கிறப்ப எல்லாரும் என் மூஞ்சியத்தானக்கா பார்ப்பாங்க” என்றாள்.

முகப்பூச்சுக்காகக் கடையேறும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆயினும், தேர்ந்தெடுப்பது நானாக இருந்தால் சரி என்றேன். கடைவீதியில் அழகுப் பொருள் விற்கும் முஸ்லிம் பெண் என் பழைய மாணவி.

“யாருக்கு டீச்சர், ஒங்களுக்கா?”

“வீட்டில் ஒருவருக்கு.”

“அப்ப இத எடுங்க. இப்ப இதுதான் ஓடுது. நல்லா ஏறும்.”

அவள் காட்டியது வீரியத்தைக் குறிக்கும் எண் மிகப் பெரிதாக அச்சிட்ட பெட்டி. அதைத் திருப்பிக் கொடுத்தேன். முதன்முறை பூசுபவருக்கு மிகக் குறைந்த வீரியமே போதும். முத்திரை உடையாததாய், சேர்மானங்களும் காலாவதித் திகதியும் தெளிவாகத் தெரிவதாய், தோலை உரிக்கும் அமிலமோ ரெட்டினோலோ கலவாததாய் ஒன்றைத் தேடி எடுத்தேன்.

வீட்டில், முதலில் காதுக்குக் கீழே சிறிதளவு பூசி மறுநாள் வரை பொறுத்தோம். குத்தல் மட்டுமே இருந்தது. தடிப்போ வீக்கமோ இல்லை. பிறகுதான் முகம். கழுவி உலர்ந்த தோலில் மெதுவாக ஒற்றியெடுக்க வேண்டும். கண், உதடு, புண், பழுத்த பரு ஆகியவற்றின் பக்கம் போகக் கூடாது. பின்னர் வாசனையற்ற ஈரப்பசைக் கிரீம், பகலில் வெயில் தடுப்புக் கிரீம். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன்.

“அக்கா, இது மூங்கில் சுணையேதான்.”

“அதனாலதான் தேய்க்காதேங்கிறேன்.”

ஆனால் எங்கள் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தலைவலித் தைலமானாலும் எரிந்தால்தான் அதை மருந்தென்று ஒப்புக்கொள்வார்கள். குத்தல் அடங்கியதும் மருந்தின் சக்தி தீர்ந்ததென்று தங்கை நினைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் தினமும் மாலையில் எடுத்து, தைலத்தைப் போலவே அழுத்தித் தேய்த்திருக்கிறாள். போதாததற்கு எலுமிச்சையை, எங்கள் தேசிக்காயை, பிழிந்தும் பூசியிருக்கிறாள். கன்னமெல்லாம் சிவந்து, சிறு சிறு கொப்புளங்களாகி, தோல் உரியத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் பெற்றோர் மாத்தளைக்கு வடக்கே உள்ள நாலந்தாவிலிருந்து கல்யாணப் பேச்சுக்காக வந்தார்கள். தங்கையைக் கண்டதும் மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“அம்மை போட்டிருக்கா?”

இந்த ஊரில் எந்த மதத்தாரானாலும் அம்மை கண்ட வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

“அப்ப கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளிப் போடுறதுதான் நல்லது” என்றார் அவருடைய கணவர்.

உள்ளே மணப்பெண் கையில் தேநீர்த் தட்டுடன் நின்றிருந்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தால் அது நோய் என்றே போய்விடும். நோயினால் யாருக்கும் மானம் போவதில்லை. கல்யாணத் திகதிதான் போகும்.

“அம்மை இல்லை. முகத்துக்குப் போடுற கிரீம அளவுக்கு மேல பூசிட்டா. வாங்கிக் குடுத்தது நான்” என்றேன்.

“கிரீமா? டீச்சரா வாங்கிக் குடுத்தீங்க?”

“ஆமாம்.”

அவருடைய கணவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திகதி மாறவில்லை.

அன்றே கிரீமையும் தேசிக்காயையும் நிறுத்தினோம். குளிர்ந்த நீரும் ஈரப்பசைக் கிரீமும் நிழலும் மட்டுமே என்று ஆயிற்று. எரிச்சல் தணியாததால் மருத்துவரிடமும் காட்டினோம். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குப் புண்பட்ட தோல் கறுத்துப் போகக் கூடும் என்று சொல்லி, களிம்பு ஒன்றைத் தந்து, வெயிலைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொன்னார். திருமணத்தன்று சிவப்பு அடங்கியிருந்தது; கன்னத்தில் ஒரு மங்கல் மட்டும் எஞ்சியது. அதை மறைக்காமலே தங்கை கோவில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாள்.

விருந்தின்போது சம்பந்தியம்மா எங்கள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், அது எந்தக் கடை?”

கடையைச் சொன்னேன். காதுக்குக் கீழே பூசிப் பார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

“நல்லா எரிஞ்சாத்தானே வேலை செய்யும்?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“இல்ல சம்பந்தியம்மா. சுணை உள்ளவங்களுக்கு லேசாக் குத்தினாலே போதும்.”