எதுக்கும் மாஸ்டரின் எட்டுச் சக்கரங்கள்

"யோசிக்காதீங்க, மிதிங்க!" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு கத்துவதுதான் அவருக்குத் தொழில். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டர். அவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகிப்போய், வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் மேசைக்கடியில் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். ஆனால் சொந்த விஷயம் என்று வந்துவிட்டால், ஒரு சட்டை எடுக்கக்கூட நாலு கடை ஏறி இறங்கி, பார்த்தவரை எல்லாம் கேட்டு, கடைசியில் சட்டையே எடுக்காமல் வீடு திரும்புவார். "எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்கலாமே" என்பதுதான் அவர் வாயில் எப்போதும். அதனாலேயே எதுக்கும் மாஸ்டர் என்று பெயர் விழுந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது நேராகவே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார், என்ன செய்வது!

இப்பேர்ப்பட்ட மனிதர் தலையில்தான் டயர் தேர்ந்தெடுக்கும் வேலை வந்து விழுந்தது.

அவர் மனைவி நர்ஸ். மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்தில் வேலை. திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்குவாள். அடிவாரம் வரை பஸ். அதற்கு மேல் தோட்டத்து லாரி. மழை பிடித்துவிட்டால் அந்த மண்பாதை களியாகிவிடும், லாரிக்காரர் கும்பிடு போட்டுவிடுவார். போன வருஷம் மழைக்காலம் முழுக்க அவள் மேலேயே மாட்டிக்கொண்டாள். வெயில் வந்து, ஒருவழியாக இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், மூன்று வயது மகள் அத்தை முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். மாஸ்டரின் அக்காதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு பிள்ளை கேட்டது: "அத்தை, இந்த ஆன்ட்டி எப்போ போவாங்க?"

"பரவாயில்ல, குழந்தைதானே" என்று சிரித்துக்கொண்டே அவள் குளியலறைக்குள் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் கதவுக்கு வெளியே நின்றார். தட்டலாமா வேண்டாமா என்று அதிலும் குழப்பம். கடைசிவரை தட்டவில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவே இல்லை.

அடுத்த மாதமே ஒரு பழைய ஜீப்பை வாங்கிவிட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. எதுக்கும் மாஸ்டர் யாரையும் கேட்காமல் ஒரு வண்டி வாங்கிவிட்டார் என்று ஊரே வாயைப் பிளந்தது. "வர்ற மழைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன். பாப்பா இனிமே உன்னை மறக்க விடமாட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள். அது உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது.

வெயில் காலத்தில் ரெண்டு தடவை மேலே போய் வந்தார். ஒரு தொந்தரவும் இல்லை. மழைக்கு இந்த மொட்டை டயர் ஆகாது, மாற்றியே தீரவேண்டும். எதை மாற்றுவது? அங்கேதான் பிடித்தது சனி.

முதலில் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் போனார். அவர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே, "ஒல்லி டயர் போடுங்க மாஸ்டர்" என்றார். "சேத்தைக் கிழிச்சுட்டு அடியில கெட்டித் தரையைப் போய்ப் புடிக்கும். அகல டயரெல்லாம் ஷோவுக்குத்தான்."

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வந்தார். வழியில் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வண்டியை நிறுத்தினார். "யாரு மாப்ள சொன்னது ஒல்லின்னு? யானை ஏன் சேத்துல நடக்குது? காலு அகலம்! அகல டயரா, வெளிய தள்ளின சக்கரமா போடுங்க. வண்டி கால அகட்டி நிக்கும். கவுறவே கவுறாது."

இதுவும் சரியாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை. யார் சொன்னாலும் மாஸ்டருக்குச் சரியாகப் பட்டது.

டயர் கடையிலோ வேறு பாட்டு. கடைக்காரர் பட்டன் பட்டனாகத் துருத்திக்கொண்டிருந்த ஒரு டயரை உருட்டி வந்தார். "இது சேத்து டயர். சேத்துல ராஜா. ஆனா தார் ரோட்ல ஹூம்னு கத்தும், மழைல வழுக்கும், பிரேக் போட்டா தள்ளிப் போய்த்தான் நிக்கும்." பிரேக் என்றதும் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. "இது எல்லாத் தரைக்கும் ஓடுறது. ரோட்லயும் ஓடும், சேத்துலயும் ஓரளவுக்கு ஓடும்."

"ஓரளவுன்னா எவ்வளவு?"

"ஓரளவுன்னா ஓரளவுதான் சார்!"

பிறகு சக்கரம். பளபளவென்ற அலாய் சக்கரம் லேசு, ஆனால் பாறையில் அடித்தால் விரிசல் விடும். இரும்புச் சக்கரம் கனம், ஆனால் வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். பெரிய சக்கரம் போட்டால் பார்க்க அழகு, ஆனால் ரப்பர் ஒடுங்கிவிடும், கல் குத்தினால் தாங்காது. சின்னச் சக்கரம் போட்டால் ரப்பர் தாட்டியாக இருக்கும், காற்றைக் குறைத்து ஓட்டலாம். ஒவ்வொரு "ஆனா"வுக்கும் மாஸ்டரின் மண்டை ஒரு சுற்று சுற்றியது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார்.

அதோடு விட்டாரா? கார் ஓட்டப் பழக வந்தவர்களையும் விடவில்லை. பல் டாக்டரம்மா ஒருத்தி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். "மேடம், நீங்களா இருந்தா ஒல்லியா, அகலமா?" என்று கேட்டார். அவள் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து முகம் சிவந்துபோய் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். நல்லவேளை, இவர் காலடியில் ஒரு பிரேக் இருந்தது.

இத்தனை பேரைக் கேட்டவர் ஒரே ஒருத்தியை மட்டும் கேட்கவில்லை. சுகாதார நிலையத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று போன் போடுவாள். பாப்பா சாப்பிட்டதா, அக்காவுக்கு முட்டிவலி தேவலையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஏங்க, டயர் விஷயம் என்னாச்சு? இங்க பாதை எப்படி இருக்குன்னா..." என்று ஆரம்பிப்பாள். உடனே மாஸ்டர், "ஹலோ, ஹலோ, விட்டு விட்டுக் கேக்குது" என்று போனை வைத்துவிடுவார். சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை. ஊரையே கேட்கிற மனுஷன் பெண்டாட்டி வாயெடுத்தால் மட்டும் ஏன் நழுவுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் புரியவில்லை. கேட்டால், "சும்மா இரு அக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மழை. ஜீப்பை விரட்டிக்கொண்டு டயர் கடையில் போய் நின்றார். கடைக்காரர் ஷட்டரை இறக்கப் போகிற நேரம். அந்த அவசரத்தில் கடைசியாக யார் சொன்னது ஞாபகத்தில் இருந்ததோ அதை வாங்கினார். அது மச்சான் சொன்னது. அகலமான சேற்று டயர், வெளியே தள்ளின இரும்புச் சக்கரம். மாட்டி முடித்ததும் ஜீப் பயில்வான் மாதிரி காலை அகட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் சொன்னதுதான் சரியோ?

சனிக்கிழமை காலையில், முந்தின நாள் கழற்றின பழைய சக்கரங்களை உருட்டி வந்து, ஒன்றைப் பின்னால் ஸ்டெப்னியாக மாட்டி, மற்ற மூன்றையும் ஜீப்புக்குள் ஏற்றினார்.

"டேய், மொட்டை டயரை எதுக்குடா தூக்கிட்டுப் போற? உன் பொண்டாட்டி எங்க உக்காருவா?" என்று அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"எதுக்கும் இருக்கட்டும்கா."

பாப்பா கையாட்டியது. "அம்மாவை எப்போ கூட்டிட்டு வருவ?"

"இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன் கண்ணு" என்றார். அவரையும் அறியாமல் நேரம் சொல்லி மாட்டிக்கொண்டார்.

தார் ரோடு முழுக்க டயர் ஹூம் என்று கத்தியது. அடிவாரம் தாண்டி மண்பாதை தொடங்கியதும் மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வண்டி சும்மா கும்மென்று ஏறியது. மச்சான் வாழ்க! என்று மனசுக்குள் சொல்லி வளைவில் திரும்பினார். திரும்பினவர் பிரேக்கைப் போட்டார்.

எதிரே ஓடை. ஓடைமேல் பாலம். பாலம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. லாரி வேறு வழியாகச் சுற்றிப் போகும், அந்த வழி மழை வந்தால் முங்கிவிடும். ஜீப்புக்கென்று போட்டது இதுதான். பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு கனமான மரக்கட்டைகள், நடுவில் வெறும் பள்ளம். வெயில் காலத்தில் அதன்மேல்தான் ரெண்டு தடவை போய் வந்தார். இறங்கிப் போய்ப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். வெளியே தள்ளின சக்கரத்துக்குக் கட்டை பத்தவில்லை. ரெண்டு பக்கமும் பாதி டயர் அந்தரத்தில் நிற்கும்.

அத்தனை பேர் அத்தனை சொன்னார்களே, இந்தப் பாலத்தைப் பற்றி ஒருத்தர் சொல்லவில்லையே! எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் யாரும் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வந்தவர் இவர்தான். சக்கரம் சக்கரம் என்று அலைந்ததில் சக்கரம் எதன்மேல் ஓடவேண்டும் என்பதையே மறந்துவிட்டார்.

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. தூக்கிப் பிடித்தார், பாறைமேல் ஏறினார். இல்லவே இல்லை. கேட்பதற்கு ஓர் ஈ காக்கை கிடையாது. மாஸ்டருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா? போனால் பாப்பா கேட்குமே. நடந்தே போகலாமா? ஏறி இறங்குவதற்குள் இருட்டிவிடும். அந்தக் குளியலறைக் குழாய்ச் சத்தம் காதில் கேட்டது. ஓடைச் சத்தமாகவும் இருக்கலாம்.

"யோசிக்காதீங்க, மிதிங்க" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டார். ஜாக்கியை எடுத்தார். நாலு புதுச் சக்கரத்தையும் கழற்றி, நாலு பழைய சக்கரத்தையும் மாட்டினார். கட்டைமேல் ஊர்ந்து அக்கரை சேர்ந்தார். அந்தப் பக்கம் நல்ல களி. பழைய டயர் நின்ற இடத்திலேயே சுற்றியது. சரி என்று மறுபடி ஜாக்கியைப் போட்டு, பழையதைக் கழற்றிப் புதுசை மாட்டினார். முதுகு கழன்றது. அப்படியும் மேலே ஓரிடத்தில் வழுக்கியது. எந்த டயரானாலும் சேற்றில் காற்றைக் குறை என்று பஞ்சர் கடைக்காரர் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்து, கொஞ்சம் இறக்கிவிட்டார். வண்டி பிடித்து ஏறிவிட்டது.

சுகாதார நிலையத்து வாசலில் அவள் பையோடு நின்றிருந்தாள். தலையிலிருந்து கால்வரை சேறாக இறங்கி வந்த மனுஷனைப் பார்த்து, "எங்கயாவது விழுந்துட்டீங்களா?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல, ஏறு. நேரமாச்சு."

பழைய சக்கரங்களுக்கு நடுவே காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பாலத்தருகே வந்ததும் மாஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டு, பெருமூச்சோடு ஜாக்கியை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

சொன்னார். முழுசாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கட்டையைத் தள்ளிப் போட்டா ஆச்சு! போன மழைல இது ஓடையோட போனப்ப நானும் எங்க வாட்ச்மேனும்தான் இழுத்துப் போட்டோம். ஓரத்துல ரெண்டு ஆப்புதான் இருக்கு."

மாஸ்டர் கையில் ஜாக்கியோடு அப்படியே நின்றார். ஆப்பைத் தட்டிக் கழற்றி, அதே ஜாக்கியைக் கொடுத்து நெம்பி, ரெண்டு பேருமாகக் கட்டைகளை வெளிப்பக்கம் நகர்த்தினார்கள். அவளுக்கு அது பழகின வேலை. டயர் கச்சிதமாக உட்கார்ந்தது.

அக்கரையில் கை கழுவும்போதுதான் அவள் கேட்டாள். சிரிப்பு போயிருந்தது. "ஊருல அத்தனை பேரைக் கேட்டீங்க. வீடு வீடா ஊசி போட இந்தப் பாதைல நடக்கிறவ நான். என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

மாஸ்டர் ஓடையைப் பார்த்தபடி சொன்னார்: "கேட்டா நீ, 'மழைல வராதீங்க, பரவாயில்ல, நான் இங்கயே இருந்துக்கிறேன்'னு சொல்லிடுவ. நீ சொல்லிட்டா நான் கேட்டுக்குவேன். எனக்கு என்னைத் தெரியும். அதான் பயந்துட்டு உன்னை மட்டும் கேக்கல."

ஈரக்கையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சேறு அப்பிக்கொண்டது. "சொல்லியிருப்பேன்தான்" என்றாள் கடைசியில்.

வீட்டுத் தெருவில் திரும்பும்போது விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. டயர் கத்துகிற சத்தம் கேட்டு அக்கா பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். சேறும் சகதியுமாக இறங்கின ரெண்டு பேரையும் பாப்பா மாறி மாறிப் பார்த்தது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. பிள்ளை நேராக அவளிடம் போய், இடுப்பில் கைவைத்து நின்றது.

"அம்மா, ஏன் லேட்டு?"

அவள் மண்டியிட்டு, சேற்றோடு அப்படியே அதைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாவைக் கேளு" என்றாள்.