தார் வாளிப் பாட்டு

வெயிலுகந்தம்மாளுக்கு வாய் பெரிது என்பது கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி வரை நெடுஞ்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ரோட்டு கேங்கில் சட்டி சுமக்கிறவளுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அவள் முகத்துக்கு நேரே சொன்னால் அதற்கும் பதில் வரும் என்பதால் டீக்கடையில் உட்கார்ந்து சொல்வார்கள்.

வேலை நேரம் முழுக்கப் பாடுவாள். எழுபத்தொன்பதில் புதிதாக வந்த ஒரு மேஸ்திரி பாட்டை நிறுத்தச் சொன்னான். அவள் சட்டியை இறக்கி வைத்தாள். தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து ரோட்டு நடுவில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கூட இருந்த பதினோரு பெண்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வடக்கே நாலு லாரி, தெற்கே இரண்டு பஸ் என்று நிற்கத் தொடங்கியதும் மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. "பாடித் தொலைங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனான்.

பாட்டுப் பைத்தியம் என்று நினைத்தவர்கள் உண்டு. அது பைத்தியம் இல்லை, பயம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தைந்தில் அவள் கேங்கில் இல்லை. வீட்டுக்கு நாலு ஏக்கர் கரிசல் இருந்தது. தொடர்ந்து மழை பொய்த்து, பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகிப்போன வருஷம் அது. நிலம் உள்ள வீட்டுப் பெண்கள் கூலிக்குப் போகக் கூடாது என்று பேசிய பெரிய மனிதர்கள் யாரும் ஒரு படி கம்பு கொடுக்கவில்லை. வெயிலும் தங்கை பாலம்மாளும் கான்ட்ராக்டர் சங்கரபாண்டியனிடம் தார் வேலைக்குப் போனார்கள். கால்களில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற ஜல்லியின் மேல் நின்று செய்கிற வேலை.

அவர்கள் வேலை செய்த பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு மேடு. தார் காய்ச்சுகிற டிரம் கீழே பள்ளத்தில். பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் பெண்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றி ஏற்றுவார்கள். விறகுப் புகையும் தார்ப் புகையும் சேர்ந்து கண்ணைத் திறக்க விடாது. அதனால் அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. கொடுக்கிறவள் வாங்குகிறவளின் பேரைச் சொல்ல வேண்டும். அவள் "வாங்கிட்டேன்" என்று குரல் கொடுத்த பிறகுதான் கையை விட வேண்டும். வெறுமனே சொன்னால் அலுத்துப்போகும் என்று யாரோ ஒருத்தி அதைப் பாட்டாக்கியிருந்தாள்.

கல்லுடைச்சுத் தாரு காய்ச்சிக்
கயத்தாறு போற ரோடு,
கைமாறி வாளி வருது
வாங்கிக்கோ ஆறுமுகத்தா!

"வாங்கிட்டேன்!" என்று சத்தம் வரும். வாளி மேலே போகும்.

எட்டாம் நாள் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் பார்வையிட வந்தார். "பொம்பளைக சத்தம் கேக்கக் கூடாது. வாயை மூடிட்டு வேலையப் பாருங்க" என்று சங்கரபாண்டியன் மேட்டில் நின்று உத்தரவு போட்டார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வெயிலும் மூடிக்கொண்டாள். புகைக்குள் வாளியை நீட்டினாள். மறுபக்கம் ஒரு கை பட்டது போல இருந்தது. விட்டுவிட்டாள். அடுத்து நின்ற பாலம்மாள் அப்போதுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாள். வயது பத்தொன்பது.

கான்ட்ராக்டர் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில், ரோட்டோரமாக நடந்து போன வழிப்போக்குப் பெண் ஒருத்தி மேல் தார் கொட்டிவிட்டதாக இருந்தது. வெயில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். சங்கரபாண்டியன் குரலை உயர்த்தவே இல்லை. "புகையில யாரும் பாக்கலைன்னு நினைக்காத. மேட்டுல நின்ன நான் பாத்தேன். வாளிய விட்டது நீ. நீ வாயைத் திறந்தேன்னா, அக்காக்காரியே தங்கச்சியக் கொன்னுட்டான்னு உங்க ஆத்தாகிட்டயே சொல்லுவேன்" என்றார். அவள் திரும்பி வந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர் ஒரு பெண்ணையே மறைத்துவிட்டார்.

பிறகு அவள் சர்க்கார் கேங்கில் சேர்ந்தாள். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்தாள்.

எண்பத்து நாலில் கோவில்பட்டி வியாபாரிகளுக்கு நெடுஞ்சாலைக்கு விழா எடுக்கிற ஆசை வந்தது. மங்கம்மா ராணி போட்ட சாலை என்று ஊரில் சொல்வார்கள். காசிக்கு நடந்தவர்களும் வெள்ளைக்காரனின் பீரங்கி வண்டியும் போன பாதை. அந்தக் கதையைப் பாட்டும் வசனமுமாக ஒரு கேசட்டில் பதிந்து, போகிற வருகிற லாரிகளிலெல்லாம் ஒலிக்க விடுவது என்று முடிவானது. விழாக் குழுவுக்குத் தலைவர் சங்கரபாண்டியன்.

பதிவு வேலை ஜஹாங்கீருக்கு வந்தது. ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் கேசட் கடை வைத்திருந்தவன். தமிழ் வாத்தியார் ஒருவர் ராஜாக்களுக்குப் பட்டம் மேல் பட்டமாகச் சூட்டி வசனம் பேசி முடித்துவிட்டார். பாட்டுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேங்கின் பாட்டைக் கேட்டுப் பழகியிருந்த ஜஹாங்கீர், நேரே ரோட்டுக்கு வந்து, "அக்கா, நீங்கதான் பாடணும்" என்றான்.

"தலைவரு யாரு?" என்று கேட்டாள். சொன்னான். மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். "வாரேன் தம்பி" என்றாள்.

ரோட்டின் கதையைச் சொல்கிறார்களாம். அதில் தங்கையின் பேர் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடையின் பின்னறையில் சுவர் முழுக்கக் கம்பளி தொங்கியது. சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பாட்டுக்குக் கேங்கிலிருந்து ஆறுமுகத்தாயும் கோமதியம்மாளும் வந்திருந்தார்கள். முதலில் ஒத்திகை பார்த்தார்கள். சங்கரபாண்டியன் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். ஒன்பது வருஷத்துக்கு முந்தி வாசலில் வந்து நின்றவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ராகம் நல்லாத்தான் இருக்கு. ஆறுமுகத்தா, கோமதின்னு பேரு எதுக்கு? இவிய யாருன்னு லாரிக்காரனுக்குத் தெரியுமா? மகராணி பேரப் போட்டுப் பாடு."

"மகராணி வந்து தார் வாளி வாங்குனாவளா அண்ணாச்சி? வாங்கியிருந்தா கை வெந்திருக்குமே" என்றாள் வெயில். குழுவில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்து வைத்தார். சரி, இருக்கட்டும் என்று ஆயிற்று.

ஜஹாங்கீர் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பதிவு ஓடும்போது யார் இருமினாலும், தும்மினாலும், ஊதிக்கொண்டு சரக்கு ரயிலே போனாலும் நடுவில் நிறுத்த மாட்டான். பாடி முடித்த பிறகுதான் பொத்தான்.

வெயில் பாடினாள். ஆறுமுகத்தாய் வாங்கினாள், கோமதி வாங்கினாள். மூன்றாவது சுற்றில் குரலை இறக்கி,

கைமாறி வாளி வருது
வாங்கிக்கோ பாலம்மா!

என்று நிறுத்தினாள். யாரும் பதில் கொடுக்கவில்லை. அவள் காத்திருந்தாள்.

நாற்காலி நகர்ந்தது. "ஏய், நிறுத்து! எந்தப் பாலம்மா?"

"எட்டாம் நாளு மேல தார் கொட்டி, பொறவு செத்துப்போன பாலம்மா. உமக்குத் தெரியாதவளா?"

இப்போது அவருக்கு அடையாளம் தெரிந்தது. "அது ரோட்டுல போன பொம்பள. அவளை எதுக்கு இதுல இழுக்க?"

"ரோட்டுல போறவ கையில தார் வாளிய எதுக்குய்யா நீட்டணும்?"

"நீட்டுனது யாருட்டி? நீ! வாளிய விட்டது நீ! சொல்லட்டுமா எல்லாருக்கும்?"

ஆறுமுகத்தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது சபையில் வந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அது அவ்வளவு பெரிதாக இல்லை.

"நீரு சொல்ல வேண்டாம், நானே சொல்லுதேன். விட்டது நான்தான். என் தங்கச்சி மேல என் கையாலதான் கொட்டுனேன். பேரு சொல்லாம விட்டேன். பேரு சொல்லக் கூடாதுன்னு வாயை மூடச் சொன்னது நீரு!"

"வாயை மூடுனா என்ன? எட்டு நாளா எங்கிட்டதானே வேலை பாத்தா? எட்டு நாளு என் கூலியத் தின்னவளுக்கு ஒரு வாளியப் பிடிக்கத் தெரியாதா?"

நுணலும் தன் வாயால் கெடும். டேப்பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சங்கரபாண்டியன் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"அதை அழிச்சிரு" என்றார்.

ஜஹாங்கீர் பொத்தானை அமுக்கி கேசட்டை வெளியே எடுத்தான். மேசையில் கிடந்த திருப்புளியால் அதன் முதுகில் இருந்த இரண்டு சின்னப் பல்லையும் உடைத்தான். பல் போன கேசட்டில் மறுபதிவு ஆகாது. "முடிஞ்ச பதிவுக்கு இப்படிச் செய்யுறது வழக்கம் அண்ணாச்சி" என்றான்.

மறுநாள் குழுவிலிருந்து சமாதானம் பேச ஆள் வந்தது. பாலம்மாள் பேர் பாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், சண்டையை மட்டும் வெட்டிவிட்டால் போதும் என்றார்கள். ஜஹாங்கீர் அதைச் சொல்ல ரோட்டுக்கு வந்தான்.

"பாலம்மான்னு இந்தத் தாலுகாவுல ஆயிரம் பேரு இருக்காளுக. அவ எங்கிட்ட வேலை பாத்தான்னு அந்தாளு வாயால சொன்னாருல்லா, அதுதான் எனக்கு வேணும். ஒரு சொல்லு வெட்டக் கூடாது."

"அக்கா, நீங்க விட்டேன்னு சொன்னதும் அதுல இருக்கு. ஊரே கேக்கும்."

"கேக்கட்டும். அவரு சொன்னது மட்டும் நிக்கணும், நான் சொன்னது நிக்கக் கூடாதுன்னா அது என்ன நியாயம்? ஒரு நாளு பொறு. எங்கம்மா முதல்ல என் வாயால கேக்கட்டும்."

தாய் சுந்தரம்மாள் முற்றத்தில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் எதிரில் உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவியின் கை நின்றது. பிறகு மறுபடியும் கிள்ளத் தொடங்கியது. இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் சேலையை உதறிக் கட்டியபடி, "அந்தாளு சொன்னத எங்கன போனா கேக்கலாம்?" என்றாள்.

விழாவுக்கு மதுரையிலிருந்து வேறு பாட்டுக்காரியை அழைத்து வேறு கேசட் போட்டார்கள். அதில் மகராணி மட்டும் இருந்தாள். ஜஹாங்கீருக்குக் குழுவின் தயவு போயிற்று. ஆனால் அதற்குள் அவன் பதிந்து கொடுத்த முதல் பத்துப் பிரதியும் கயத்தாற்றில் லாரி நிற்கிற டீக்கடைகளுக்குப் போய், அங்கிருந்து லாரிகளில் ஏறிவிட்டது. பாட்டைக் கேட்டவர்கள் சண்டையையும் கேட்டார்கள். சண்டைக்காகவே கேட்டவர்களும் உண்டு.

தாயும் மகளும் கயத்தாற்று டீக்கடைக்குப் போன நேரம் அங்கே ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். கடைக்காரர் வெயிலைப் பார்த்ததும் அந்தக் கேசட்டைப் போட்டார். சுந்தரம்மாள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு வந்தது. பாலம்மாள் பேர் வந்தது. "விட்டது நான்தான்" என்று மகளின் குரல் வந்தபோது வெயில் எழுந்து போகப் பார்த்தாள். தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அடுத்து கான்ட்ராக்டரின் குரல், எட்டு நாளா எங்கிட்டதானே வேலை பாத்தா என்று, கடை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்டது.

நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "யாருங்க இந்தப் பாலம்மா?" என்று பொதுவாகக் கேட்டார்.

வெயில் வாயைத் திறப்பதற்குள் சுந்தரம்மாள் முந்திக்கொண்டாள்.

"எம் மவ. இந்த ரோட்டுல வேலை பாத்தவ. வாளிய நீட்டுனவளும் எம் மவதான், இந்தா இருக்கா. ரெண்டு பேரு வாயையும் மூட வச்சவன் குரலைத்தான் இப்ப கேட்டீய. திரும்பப் போடுங்கய்யா, சத்தமா."