மூன்று மணிக்கு விரியும் பூ

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். சாய்ந்தமருது, 1996 மார்ச்.

என் தம்பி ஸிராஜ் மர லொறியோடு மலைப்பக்கத்து மழைக்காட்டுக்குப் போயிருந்தான். 12ஆம் திகதி அங்கே மண் சரிந்தது. ஆறு நாள் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. “இன்னும் ரெண்டு நாள் பாப்பமே, மச்சான்” என்று அவன் மனைவி றிப்னா கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. பள்ளிவாசலில் சொல்லி, திங்கட்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும், மையித்து இல்லாமலே, உடல் முன்னால் இல்லாதவருக்கான காயிப் ஜனாஸா தொழுவித்தேன். றிப்னா வெள்ளை உடுத்தி, கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. சோறு தந்தால் தின்றேன், பாய் போட்டால் படுத்தேன்.

துணைக்கு நானும் என் மனைவியும் றிப்னாவின் வீட்டில் தங்கினோம்.

செவ்வாய், விடியப்புறம் 3.20. டொக்... டொக்... கதவைத் திறந்தேன். யாருமில்லை. படியில் ஒரு பூ. நான்கு வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. பொரித்த முட்டை மாதிரி இருந்தது. இதழெல்லாம் ஈரம்.

பக்கத்து வீட்டு அதாவுல்லா சேர் விஞ்ஞானம் படிப்பிப்பவர். காலையில் அவரிடம் காட்டினேன்.

“இது நாகமரத்துப் பூ. மழைக்காட்டு மரம், வைரம் பாய்ஞ்ச மரம். நம்மட ஊருல ஒண்டும் இல்ல.”

“வாடவே இல்லையே, சேர்?”

“அதான் எனக்கும் விளங்கல்ல. விடியப்புறம் மூணு மணிக்குப் பொறகுதான் விரியும். மலைக் காட்டுல இருந்து இருவது நிமிஷத்துல எப்பிடி இஞ்ச வரும்? அந்திக்குள்ள முடிஞ்சிடும்.”

அந்தி மஃரிப் தொழுகைக்குள் பூ கருகி விட்டது.

புதன், 3.20. மறுபடியும் பூ. காம்போடு இரத்தச் சிவப்பில் இளந்தளிர். நாகமரத்தின் தளிர் அப்படித்தான் இருக்குமாம். முற்றத்து மணலில் காலடி இல்லை. அன்றுதான் பயந்தேன்.

வியாழன், 3.20. ஒன்றுமில்லை.

3.35. டொக்...

“காக்கா...”

ஸிராஜின் குரல். அண்ணன் என்னை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“கதவத் துறங்க, காக்கா... குளிருது...”

றிப்னா ஓடி வந்தாள். “அவர்தான். துறங்க, மச்சான்.”

“மௌத்தானவன் வரமாட்டான், புள்ள.”

கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். பாதுகாப்புக்கு ஆயத்துல் குர்ஸி ஓதினேன். இடுக்கால் பூ வாசம் வந்தது.

“காக்கா...”

திறக்கவில்லை.

4.00. சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பொலிசார் வந்து சொன்னார்கள். பூத்துக் கிடந்த ஒரு நாகமரத்தடியில், முறிந்த கொப்பின் கீழ் கால் நசுங்கிக் கிடந்த ஸிராஜைக் காட்டுவாசிகள் புதன் அந்தியில் கண்டிருக்கிறார்கள். அப்போது உயிர் இருந்திருக்கிறது. ஆறு பெருகியதால் இரவு தூக்கிவர முடியவில்லையாம்.

வியாழன் விடிய நான்கு மணிக்கு உயிர் அடங்கியிருக்கிறது.

றிப்னா இத்தாவை முதல் நாளிலிருந்து திரும்ப எண்ணினாள். என்னோடு அவள் இன்றுவரை கதைப்பதில்லை.