பயிற்சி டீச்சர்களின் ஜாக்கெட்

அளவெடுக்கும்போது எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அளவுக்கே தைத்துக் கொடுத்தால் திட்டு நமக்குத்தான். ஊசி பிடித்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கும்மிடிப்பூண்டியில் என் கடைக்குக் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதிகம் வருவார்கள். பி.எட். கல்லூரியில் டீச்சிங் பிராக்டிஸ் என்று சொல்லிவிட்டால் மட்டும் கூட்டம் மாறிவிடும். சுடிதாரிலேயே வளர்ந்த பெண்களுக்குத் திடீரென்று தினமும் புடவை. நான் ஏழாவதோடு நின்றவள். இவர்களுக்கு அளவெடுக்கும்போதெல்லாம், இன்னும் ஒரே ஒரு தடவை வகுப்பில் உட்கார்ந்து ஒரு பாடம் முழுசாகக் கேட்க மாட்டோமா என்று இருக்கும்.

கையைத் தூக்கு

ஒரு பெண், ஜாக்கெட் கை பிடித்தாற்போலத்தான் இருக்கணும் என்று பிடிவாதமாக நின்றாள். போட்டுப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "போர்டுல எழுதற மாரி கையத் தூக்கு" என்றேன். காதுக்கு மேல் கை எழும்பவில்லை. அக்குளில் தையல் 'டர்' என்றது. பிரித்துத் தளர்த்தித் தருகிறேன் என்றால் கேட்டால்தானே? "வாணாம்க்கா, போர்டுல கீழ்ப் பாதியிலயே எழுதிக்கிறேன்."

உள்பாவாடையில் பாக்கெட்

இன்னொருத்திக்கு ஆந்திரா பார்டர் ஓரமாக ஒரு கிராமத்துப் பள்ளி. எளாவூர் வரைக்கும் பஸ். அப்புறம் ஷேர் ஆட்டோ கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் நடை. போனும் சில்லறையும் வைக்க உள்பாவாடையில் பாக்கெட் கேட்டாள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அங்கே பாத்ரூம் இருக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா, மழை வந்தால் எப்படித் திரும்புவே, பிள்ளைகள் அடங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். "எங்கம்மாவே இவ்ளோ கேக்கலக்கா. இன்னா, நீயும் கூட வரப் போறியா?"

விதைப் பாடம்

செல்வி என்று ஒருத்திக்கும் அதே பள்ளிதான். பிராக்டிஸ் தொடங்குமுன் ஒரு நாள், கல்லூரி வேன் வருவதற்குள் ஜாக்கெட் வேண்டும் என்று வந்து உட்கார்ந்தாள். நான் ஹுக் வைக்கும்வரை சும்மா இருக்காமல், ஏழாம் வகுப்பு அறிவியலை என்னிடமும் என்னோடு வேலை செய்யும் மேரியிடமும் நடத்திப் பார்த்தாள். "விதைய எப்படித் திருப்பிப் போட்டாலும் வேர் கீழயே போவுதே, ஏன்?" ஊசியோடு கையைத் தூக்கினேன். "மண்ணு கீழதான கீது, டீச்சர்." செல்வி விடவில்லை. "விதைக்கு மேலயும் மண்ணுதான இருக்கு? ஏன் மேல போவல?" பதில் தெரியாவிட்டாலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெளியே வேன் ஹாரன் அடித்தது. மேரி என் மடியை எட்டிப் பார்த்தாள். "யக்கா, ஹுக்கு வெச்சி முடிச்சி எவ்ளோ நேரமாவுது! குடுத்தா டீச்சர் பூடுவாங்கன்னு மடியிலயே வெச்சிக்கினு கீறியே!"

மிச்சம்

பிராக்டிஸ் நடுவில் ஒரு நாள் செல்வி பக்கத் தையலைப் பிரித்துவிடச் சொல்லி வந்தாள். சத்துணவுச் சாப்பாட்டில் உடம்பு போட்டிருந்தது. அந்த விதைப் பாடத்தைப் பிள்ளைகள் எப்படிக் கேட்டார்கள், கடைசியில் என்ன பதில் சொன்னாய் என்று ஆசையாகக் கேட்டேன். பஸ்ஸைப் பார்த்துவிட்ட அவசரத்தில் படியிறங்கிக்கொண்டே சொன்னாள். "அதுவாக்கா? நான் போறதுக்கு முன்னாடியே அங்க அந்தப் பாடத்த முடிச்சிட்டாங்க. நான் அத எடுத்தது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்."

எத்தனையோ டீச்சர்களை நல்லபடியாக உடுத்தி அனுப்பிவிட்டேன். கடையில் நடந்த என் வகுப்பில் மட்டும் அந்த வேர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இன்னும் நிற்கிறது.